இரண்டு அறைக்கு ஒரு பெட்டி

ஜூன் 3

பள்ளியிலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றவில்லை. மேசைமேல் ஃபைல்களைச் சேமிக்கும் இரண்டு பெட்டிகள், ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை! அம்மாவும் மாமாவும் நடத்தும் ஒலிப்புத்தக ஸ்டூடியோவுக்கு, சோதித்துப் பார்த்து ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்ளக் கடைக்காரர் கொடுத்தவை. அம்மா அறையில் பதிவுக்கு ஏற்கெனவே ஒரு சர்வர் கணினி இருக்கிறது. மாமா அறையில் ஒலியைச் சுத்தம் செய்ய இன்னொன்று. இரண்டு சர்வர்களும் ஒரே பெட்டியில் ஃபைல்களை வைத்து எடுக்க வேண்டும். பதிவும் சுத்தமும் ஒரே நேரத்தில் நடந்தால்தான் பதிப்பகத்தார் அந்தப் பெரிய நாவலை எங்களுக்குத் தருவார்கள். நான் மூன்று முறை படித்த நாவல். வேறு ஸ்டூடியோவுக்குப் போகவே கூடாது!

ஜூன் 4

மாமாவுக்குக் கறுப்புப் பெட்டிதான். "பறக்குதுடி! சொந்த டிஸ்க் மாதிரியே இருக்கு."

அம்மாவுக்கு வெள்ளை. "இது சத்தமே போடல."

"நீ ஃபேனா வாங்கப் போற, அக்கா?"

ஜூன் 5

கறுப்பை இரண்டு சர்வரிலும் இணைத்தோம். அம்மா பழைய பதிவுகளின் நகல்களை மட்டும் ஏற்றினாள். "அசலத் தொடாதடா, சொல்லிட்டேன்." மாமா அவளைப் பயந்தாங்கொள்ளி என்றார்.

நான் ஒரு பத்தி படித்துப் பதிந்தேன்.

"வந்துச்சா மாமா?"

"ஒண்ணும் வரலியே!"

"இங்க இருக்கே!"

"சரி, நான் ஒரு ரயில் சத்தம் போடறேன், பாரு."

அதுவும் இங்கே வரவில்லை. சர்வர்களை அணைத்து மறுபடி போட்டோம். ஐயோ — என் பத்தியின் நடுவில் மாமா போட்ட ரயில் ஓடுகிறது! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "நிஜப் பதிவா இருந்திருந்தா?"



ஜூன் 6

புரிந்துவிட்டது, புரிந்துவிட்டது! கடைக்காரரிடம் போனில் நானே கேட்டேன். "ரெண்டு சர்வரையும் அப்படியே மாட்டிட்டீங்களாம்மா? அய்யய்யோ!" கறுப்புப் பெட்டி வெறும் இடத்தைத்தான் தருகிறதாம். எது எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொரு சர்வரும் தனக்குள் குறித்துக்கொள்கிறது. எல்லா இடமும் தனக்கே என்று இரண்டுமே நினைக்கின்றன. ஒரே நூலகத்தின் சாவியை, ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேரிடம் கொடுத்தால் எப்படி? வெள்ளை யாருக்கும் சாவி தராது. அதுவே நூலகர். கேட்டதை எடுத்துத் தரும், கொடுத்ததை அடுக்கி வைக்கும்.

இதைச் சொன்னதும் மாமா, "உங்க நூலகர் ஓடுவாரா, நடப்பாரா?" என்றார்.

ஜூன் 7

நடந்தார். வெள்ளையை இணைத்ததும் மாமாவின் ஒலித்தடங்கள் எல்லாம் திக்கின. "பாத்தியா!" என்று மாமா குதித்தார். அம்மா மட்டும் சுவரோரம் குனிந்து, "இந்தக் கேபிள் எந்தக் காலத்துதுடா?" என்றாள். புதியதை மாட்டியதும் திக்கல் நின்றது. மாமா மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு, "சரி, வெள்ளை" என்றார். சொல்லும்போதே சிரித்துவிட்டார்.

ஜூன் 10

பதிப்பகத்தார் நாளை வந்து பார்க்கிறார்கள். தூக்கம் வருமா?

ஜூன் 21

நாவலில் வரும் சிறுமிக்கு நான்தான் குரல்! இன்று கண்ணாடி அறையில் நாலாவது அத்தியாயத்தை முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஹெட்ஃபோனில் மாமா: "மூணாவதுல ரெண்டு எடத்துல மூக்க உறிஞ்சியிருக்க. எடுத்துட்டேன். அஞ்ச ஆரம்பி."