சாக்கோடு போனவருக்கு

என்னங்க,

கூப்பிட்டால் ‘ம்’ என்பீர்களே, அந்தச் சத்தம் வராமல் பேச்சைத் தொடங்க எனக்கு இன்னும் பழகவில்லை.

ஜப்பான்காரன் போய்விட்டான். கிள்ளானுக்கு ஓடிப்போயிருந்த, ரயில்வேயில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணியார் குடும்பம் பிரிக்பீல்ட்ஸுக்கே திரும்பிவிட்டது. அவர்கள் வெளுக்கப் போட்டுவிட்டுப் போன மூட்டையை நாம் பரண்மேல் வைத்திருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? துணிப் பஞ்சத்தில் ஊரே சாக்கைச் சுற்றிக்கொண்டு திரிந்தபோதும் அதிலிருந்து ஒரு துண்டைக்கூட நீங்கள் உடுத்தவில்லை. ஆனால் பக்கத்து வீட்டில் சாவு விழுந்தபோது நீங்களே ஒரு வேட்டியை எடுத்துப் பாடைமேல் கட்டக் கொடுத்தீர்கள். திரும்பி வந்ததைச் சாம்பல் போட்டுத் துவைத்து மடித்து வைத்தீர்கள். செத்தவர்களுக்கு வெளுத்த துணியை மாத்தாக இரவல் கொடுத்து வாங்குவது நம் தொழிலில் உள்ளதுதான் என்றீர்கள்.

அப்புறம் காய்ச்சல் உங்களையே கொண்டுபோனது. உங்கள் தம்பி மூட்டையை அவிழ்க்கப் போனார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன்.

“மண்ணுக்குள்ள போற துணி திரும்பி வராது. அவங்க வந்து கேட்டா நான் என்ன சொல்றது?”

அவர் மூட்டையை விட்டுவிட்டார். அரிசிச் சாக்கைப் பிரித்து உங்களைச் சுற்றினார்.

போன வாரம் மூட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிராணியாரின் சம்சாரம் உங்களை விசாரித்தார். நடந்ததைச் சொன்னேன். துணியை மடியில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டார்.

“ஐயோ பிள்ளை, ஒரு வேட்டிய எடுத்துப் போர்த்தியிருக்கலாமே. நாங்கள் கேட்டிருப்பமோ?”

இப்போது அந்த அம்மா வீடு வீடாகச் சொல்லிவிட்டார். புருஷன் செத்தபோதுகூடப் பிறத்தியார் துணியைத் தொடாதவளாம் நான். ரயில்வே குவாட்டர்ஸ் முழுக்க எனக்குத்தான் துணி போடுகிறது. வீட்டில் கால் வைக்க இடமில்லை. பிள்ளைகள் வயிறாரச் சாப்பிடுகிறார்கள்.

அன்று உங்கள் தம்பி கையை நான் தட்டிவிட்டது நேர்மை இல்லை, பயம். ஒரு வேட்டி குறைந்தால், ஆம்பிளை இல்லாத வீட்டை நம்பி அப்புறம் யார் துணி போடுவார்கள்? நீங்கள் பாயில் கிடக்கும்போதே என் மனசு நாளைப் பிழைப்பைத்தான் நினைத்தது. உங்களுக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்தால் கோபப்பட்டிருப்பீர்களா, இல்லை, சரிதான் என்றிருப்பீர்களா?

நாளைக்குத் துணி கொண்டுபோகும்போது அந்த அம்மாவிடம் இதைச் சொல்லிவிடுகிறேன். கேட்டபிறகு அவர்கள் துணி போடட்டும், போடாமல் போகட்டும். உங்களுக்குத் தராத துணியை வைத்து வாங்கிய நல்ல பெயர் எனக்கு வேண்டாங்க.

உங்கள் பிள்ளைகளின் அம்மா,
உங்கள் சம்சாரம்