இடப்பக்கம் இல்லாத மனிதர்

டாக்குரியா, கல்கத்தா
14-7-1973

அன்பு சாவித்ரிக்கு,

அண்ணி நீலாவதி எழுதுவது. இங்கே பாதி நலம். உன் வீட்டிலாவது முழு நலமாக இருக்கட்டும்.

சித்திரையில் வந்த பக்கவாதம் தெளிந்து உன் அண்ணன் நடக்கிறார், பேப்பர் படித்து மந்திரிகளைத் திட்டுகிறார். ஆனால் முகத்தில் வலப்பாதிக்கு மட்டும் சவரம். தட்டில் வலப்பக்கத்தைக் காலி செய்துவிட்டு, பொரியல் வைக்கக் கை வரவில்லையா என்கிறார். தட்டைத் திருப்பி வைத்தால், இப்போதாவது வைத்தாயே என்று பாராட்டு. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் பாராட்டு!

மூளையின் வலப்பக்கத்துக்கு ரத்தம் போகும் குழாய் அடைத்து அந்த இடம் வாடிவிட்டதாம். கண்ணில் கோளாறில்லை, இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மூளைக்குத் தெரியவில்லை என்கிறார் டாக்டர். நான் இடப்பக்கம் உட்கார்ந்தால், நீலா எங்கே தொலைந்தாள் என்று எதிர்ச்சுவரைக் கேட்கிறார். மேல் வீட்டு போஸ் பௌதி (அண்ணியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்), என் வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் என்னைப் பார்ப்பதில்லையே, அதற்கு எந்த டாக்டர் என்கிறாள்.

உன் அண்ணனோ தனக்கு ஒன்றுமே இல்லை, கார்டன் ரீச் ஆபீசுக்குப் போயே தீருவேன் என்று பிடிவாதம். போகவிடாமல் இடது செருப்பை ஒளித்து வைத்தேன். அது இல்லாததே தெரியாமல் ஒற்றைச் செருப்போடு கிளம்பிவிட்டார்! ஒன்றை ஒளித்தால் போதும் என்று நினைத்த என் மூளைக்கு எங்கே ரத்தம் குறைந்ததோ. தண்டவாளத்தைக் கடக்கும்போது இடப்பக்கமிருந்து வந்த ரயில் அவரைப் பொறுத்தவரை வரவே இல்லை. மீன் விற்கும் மாஷி காலரைப் பிடித்து இழுத்திருக்கிறாள். தாதாவைப் பூட்டி வை என்று என்னையும் அதட்டினாள். தாதா என்றால் இங்கே அண்ணன்.

பூட்டிவிட்டேன். பெங்காலிப் பெண்கள் மாதிரி முந்தானையில் சாவி. முப்பத்தாறு நாள் ஆகிறது. காய்கறி ஜன்னலிலிருந்து கயிற்றில் விடும் பையில் ஏறி வருகிறது, என்னால்தான் இறங்க முடியவில்லை. என்னை ஜெயிலர் என்கிறார். ஜெயிலருக்காவது டூட்டி முடிந்தால் வீடு உண்டு.

நேற்று மத்தியானம் அவர் தூங்கியபோது வெளியே பூட்டிவிட்டு மாடிப்படி கடைசிவரை இறங்கிவிட்டேன். கையில் பர்ஸ் இருந்தது. எதற்கு எடுத்தேன் என்று கேட்காதே. தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன், பிறகு ஏறி வந்துவிட்டேன்.

சாவித்ரி, ஒரு பத்து நாள் வந்து இரு. முடியாவிட்டால் இரண்டு நாள். சாவியை உன்னிடம் கொடுத்துவிட்டு பக்கத்திலிருக்கும் ஏரிவரை தனியாக நடந்துவிட்டு வருகிறேன். திரும்பி வந்துவிடுவேன். நிச்சயம் வந்துவிடுவேன்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். சீக்கிரம் புறப்படம்மா.

உன் அண்ணி,
நீலாவதி