கடைசி ஆட்டத்தில் நீ அனுப்பிய கூடாரம்

இன்று காலை நனைந்த கூடாரத் துணியைச் சுருட்டி லோரியில் ஏற்றிவிட்டு, கையில் அந்தப் புழுங்கிய வாடையோடே கோலசிலாங்கூரில் நடந்த தொழில்முனைவோர் வகுப்புக்குப் போனேன். புதிதாகத் தொழில் தொடங்கும் பிள்ளைகளுக்கு அனுபவசாலி என்று நான் நாலு வார்த்தை பேச வேண்டுமாம். முழங்கால் வலியில் பின்வரிசையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் ஸ்டோரிலும் இதே வாடைதான் அடிக்கும். உன் நினைப்பு வந்துவிட்டது.

பாடம் நடத்திய பெண் பலகையில் இரண்டு கடைகளை வரைந்தாள். ஆட்டக் கோட்பாடாம். எதிராளி என்ன செய்வான் என்று யோசித்து நம் அடியை எடுத்து வைப்பது. "ஒரு தடவைதான் பார்க்கப் போறீங்கன்னா உங்கள கவுத்துடுவான். திரும்பத் திரும்பப் பார்க்கணும்னா ஒழுங்கா இருப்பான்," என்றாள். முன்வரிசையில் ஒருத்தி கேட்டாள்: "அப்ப கடைசி ரவுண்டுன்னு தெரிஞ்சா, மிஸ்?"

"தெரிஞ்சா கவுக்குறதுதான் லாபம் லா."

எல்லோரும் சிரித்தபடி எழுதிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அசாம் ஜாவாவில் நான், அடுத்த கம்பத்து ஊரில் நீ. இருவருக்கும் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடும் தொழில். கல்யாண வீட்டுக்காரர்கள் "அந்தக்கா கம்மியா சொன்னாங்க லா" என்று என்னிடம் உன்னையும் உன்னிடம் என்னையும் காட்டியே, டீசலுக்கும் கட்டாத விலைக்கு நம்மை இறக்கினார்கள். எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். பிறகு ஒரு சாவு வீட்டில் மூத்த மகன் உன்னை அழைக்க, இளையவன் என்னை அழைக்க, இரண்டு லோரியும் ஒரே வாசலில் வந்து நின்றன. சாவு வீட்டில் வியாபாரம் பேச முடியுமா? உன் நீலக் கூடாரமும் என் மஞ்சளுமாகப் பாதிப் பாதி போட்டோம். கொல்லைப்புறத்தில் தேநீர் குடிக்கும்போது நீதான் பேச்செடுத்தாய்.

"நமக்குள்ள அடிச்சிக்கிட்டு யாருடி பொழைக்கிறா? முகூர்த்த மாசத்துல பத்தலன்னா எங்கிட்ட கேளு. எனக்குப் பத்தலன்னா நான் கேக்குறேன்."

அன்றிலிருந்து கேட்டோம், கொடுத்தோம். வகுப்பில் அதற்குக்கூட ஏதோ ஒரு பெயர் சொன்னார்கள்.

டாக்டர்கள் கைவிரித்து நீ வீட்டுக்கு வந்த தை மாதம், சூறைக்காற்றில் என் கூடாரமெல்லாம் கிழிந்தது. மறுநாள் சுங்கை ஆயர் தாவாரில் கல்யாணம். உனக்கும் அதே நாளுக்குப் பெரிய ஆர்டர் இருந்தது என்பதால் கேட்கவே கூசினேன். உன் லோரி தானாக வந்தது. உன் ஆர்டரை வேறு ஆளுக்குத் திருப்பிவிட்டாயாம். இனி என்னால் உனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று உனக்கு நன்றாகத் தெரியும். போனில் உன்னைத் திட்டினேன். "கத்தாதடி, போயி வேலையப் பாரு," என்றாய். லோரிக்குப் பின்னால் நின்று அழுதேன்.

உன் அடக்கத்துக்கு என் மஞ்சள் கூடாரம்தான். ஜெபம் முடிந்து, எல்லாம் கழற்றிக் கிளம்பும்போது வாய் தவறி "வரேன்" என்று சொல்லித் தொலைத்தேன். சாவு வீட்டில் சொல்லக் கூடாத வார்த்தை. சாவு வீடுகளிலேயே பிழைப்பு நடத்தியவள் இப்படிச் சொல்லலாமா? எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உன் மகள் மட்டும் "வாங்க ஆன்டி," என்றாள்.

இதையெல்லாம் இன்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்ல முடியவில்லை. டீசல் விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

வெளியே வந்ததும் உன் மகளின் போன். உன் தொழிலை இப்போது அவள்தான் பார்க்கிறாள். சனிக்கிழமைக்கு இரண்டு கல்யாணத்தை ஒப்புக்கொண்டுவிட்டாளாம், கூடாரம் பத்தவில்லையாம். எனக்கும் அன்றைக்கு ஒரு கல்யாணம் கேட்டு வந்திருக்கிறது. இன்னும் பதில் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாத ஒன்று, நான் லோரியை விற்க விலை பேசிவிட்டேன். அலுத்துவிட்டது. இந்த மாதத்தோடு தொழில் சரி. வகுப்பில் சொன்ன கணக்குப்படி பார்த்தால் இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் உன் குணம் ஒட்டிக்கொண்டுவிட்டதே.

"எல்லாத்தையும் எடுத்துக்கோம்மா," என்றேன்.

"தேங்க்ஸ் ஆன்டி. அடுத்த முகூர்த்தத்துக்கு உங்களுக்கு என்ன வேணுமோ எங்கிட்ட கேளுங்க."

"கேக்குறேம்மா," என்றேன்.