திருப்பித் தர வேண்டியது

மயாமி
12 அக்டோபர் 1998

மதிப்பிற்குரிய எர்மினியா அம்மாவுக்கு,

முன்பின் தெரியாத ஒருத்தி இப்படி எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். நான் தேடும் எர்மினியா நீங்கள்தானா என்பதுகூட எனக்கு உறுதியாகத் தெரியாது. எங்கள் தெருவில் இருக்கும் ஒனேலியா அக்கா வருடத்துக்கு இரண்டு முறை மருந்துப் பெட்டியோடு மத்தான்சாஸுக்கு வந்துபோகிறவர். பள்ளியில் ஓவியம் கற்பித்து ஓய்வுபெற்ற எர்மினியா என்று ஒருவர் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்று அவர்தான் விசாரித்துச் சொன்னார். நீங்கள் வேறு ஒருவர் என்றால் இந்தக் கடிதத்தை, கொண்டுவந்த ஒனேலியா அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இதோடு அனுப்பியிருக்கும் காப்பித்தூளையும் பென்சில்களையும் மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் இதானியா. ஐந்து வயதில் உங்கள் தீவின் கார்தெனாஸிலிருந்து படகில் இங்கே வந்தவள். அப்பா ரொட்டி வண்டி ஓட்டுகிறார். அம்மா தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையதுதான். அதைச் சட்டம் போட்டு மாட்டிய அம்மாவுக்கு, மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் சரியாகத் தெரியாது. கவிஞர் எவெலியோ பாரியெந்தோஸ் ஐயாவின் உதவியாளர் என்று சொல்லலாம். இரண்டு வருடமாக அவருக்குப் பார்வையின் நடுப்பகுதி மங்கிவிட்டது. ஓரம் மட்டும்தான் தெரிகிறது. எதையும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பார்ப்பார். அவருக்கு நான் வாசித்துக் காட்டுகிறேன், அவர் சொல்வதை எழுதுகிறேன்.

அவர் உங்களுக்குத் தெரிந்தவர் என்றாலும், இங்கே வந்தபின் என்ன ஆனார் என்பது தெரிந்திருக்காது. முதல் வருடம் ஒரு ஓட்டலில் தட்டு கழுவினார். அந்த ஓட்டலின் ரசீதுகளுக்குப் பின்பக்கத்தில் எழுதியதுதான் முதல் கவிதைப் புத்தகம். பிறகு பத்திரிகையில் ஓவிய விமரிசனம். இங்கே உள்ள ஓவியர்கள் ஒருவர் விடாமல் அவரிடம் திட்டு வாங்கியிருக்கிறார்கள். அப்படி வாங்கியவர்களே தங்கள் படங்களை மாட்டித் தரச் சொல்லி அவரிடம் வந்தார்கள். தேவாலயக் கூடம், நூலகம், வங்கியின் முன்கூடம், கடைசியில் சொந்தமாக ஒரு சின்னக் காட்சிக்கூடம் என்று முப்பத்தொரு கண்காட்சிகள் வைத்திருக்கிறார். எண்பத்து நாலில், தீவிலேயே தங்கிவிட்ட இரண்டு ஓவியர்களைப் பெயர் போட்டு மாட்டினார். தீவை விட்டு வந்தவர்களுக்கு, அங்கே தங்கியவர்கள் எல்லோரும் ஆட்சியின் ஆட்கள்; மறுநாளே காட்சிக்கூடத்தின் கண்ணாடி உடைந்தது. பத்திரிகை அவர் பத்தியை நிறுத்தியது. ஆனாலும் அந்தப் பெயர் அட்டைகளை அவர் கழற்றவில்லை.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. என் குழப்பமே இங்கேதான் தொடங்குகிறது.

நவம்பர் பதினான்காம் தேதி இங்குள்ள அருங்காட்சியகம் ஒன்று அவருக்கு மரியாதை செய்கிறது. அவர் முப்பத்தாறு வருடமாக மாட்டிய படங்களில் அறுபதைத் தேடியெடுத்து மறுபடியும் மாட்டுகிறோம். ஒவ்வொன்றுக்கும் பெயர் அட்டையும் இரவல் படிவமும் தயாரிப்பது என் வேலை. படம் யாருடையதோ அவர் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஐம்பத்தொன்பது வந்துவிட்டன.

அறுபதாவது ஒரு சிறிய படம். மொட்டைமாடியில் வெள்ளை விரிப்புகள் காய்கின்றன. ஒரு விரிப்பின் கீழே இரண்டு பாதங்கள் மட்டும் தெரிகின்றன. முப்பத்தொரு கண்காட்சியிலும், வெளியே போகும் வாசலுக்குப் பக்கத்தில் இதை மாட்டியிருக்கிறார். அட்டையில் எப்போதும் ஒரே வாசகம்: பெயர் அறியப்படாத ஓவியர், தனியார் சேகரிப்பு. காப்பிக்கடை ஜன்னலில் நிற்கும் ஃபெர்மின் என்ற கசாப்புக்காரர் அதை எவெலியோவின் அநாதை என்றுதான் சொல்வார். எங்களைப் பார்த்ததும் குரல் கொடுப்பார்.

“என்னப்பா கவிஞரே, உன் அநாதைக்குப் பேர் வச்சாச்சா?”

“வச்சா நீ கல்லோட வந்து நிப்பியே.”

“அது அப்போ. இப்போ எனக்குத் தோள்வலி.”

இருவரும் சிரித்துக்கொண்டே காப்பி குடிப்பார்கள். அந்தக் கண்ணாடியை உடைத்தவர்களில் ஃபெர்மினும் ஒருவர் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அளவெடுப்பதற்காகப் போன மாதம் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றினேன். பின்னால் பென்சிலில் எழுதியிருந்தது: “எர்மினியா, மத்தான்சாஸ், 1961. எவெலியோவிடம் இரவல். திருப்பித் தர வேண்டியது.”

வீட்டில் சொன்னபோது அம்மா, “நாலு வருஷம் படிச்சது படத்துக்குப் பின்னாடி எட்டிப் பாக்கவா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பார்த்ததைப் பார்க்காததாக ஆக்க எனக்குத் தெரியவில்லை.

ஐயாவிடம் கேட்டேன். அப்படி யாரும் கிடையாது என்றார், சட்டம் செய்தவன் எழுதியிருப்பானாம். இரண்டு நாள் கழித்து, அவள் இறந்துவிட்டாள் என்றார். எந்த வருடம் என்று கேட்டேன், அட்டையில் போட வேண்டுமே. வருடம் சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் அவராகவே பேச்சை எடுத்தார். இங்கே பெயரை மாட்டியிருந்தால் தீவை விட்டு வந்தவனோடு தொடர்பு என்று அங்கே உங்கள் பள்ளி வேலை போயிருக்கும், அதனால்தான் போடவில்லை என்றார். நம்பினேன். அன்று மாலையே, இங்கே பெயரை மாட்டியிருந்தால் படத்தையே கிழித்திருப்பார்கள் என்றார். அதையும் நம்பினேன். வீட்டுக்கு வந்து சோறும் கறுப்பு அவரையும் சாப்பிடும்போதுதான் உறைத்தது. மற்ற இரண்டு பேருடைய பெயரை மட்டும் எப்படி மாட்டினார்? அவர்களுக்கும் அங்கே வேலை இருந்திருக்குமே. அந்தப் படங்களையும் இங்கே கிழித்திருக்கலாமே.

நான்கு பதிலில் எது உண்மை என்று எனக்குத் தெரியவில்லை. நான்கும் கொஞ்சம் கொஞ்சம் உண்மையாக இருக்குமோ என்றும் தோன்றுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், வெட்கமாகத்தான் இருக்கிறது. அவருடைய கவிதைகளில் விரிப்புகள் வந்துகொண்டே இருக்கும். ஆறு விரிப்புகள், காற்று, அவற்றின் பின்னால் யாரோ. விரிப்பு என்றால் இழந்த தாய்நாடு, ஆறு என்றால் பழைய ஆறு மாகாணங்கள் என்று பேராசிரியர் சொல்லிக்கொடுத்தார். தேர்வில் அதையே நாலு பக்கம் எழுதி வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கினேன். இப்போது அந்தப் படத்தின் முன்னால் தினமும் நிற்கிறேன். அந்தப் பாதங்களில் ஒன்றில் செருப்பு இல்லை. எந்தத் தாய்நாட்டுக்கு ஒற்றைச் செருப்பு? படத்தில் ஐந்து விரிப்புகள்தான் இருக்கின்றன. ஐயா ஆறு என்று சாதிக்கிறார். பக்கவாட்டில் நின்று விரலால் எண்ணுகிறார், ஆறு வருகிறது. நான் எண்ணினால் ஐந்து. ஆறாவதை நீங்கள் வரையாமல் விட்டீர்களா, அல்லது வரைவதற்கு முன்னாலேயே அதை மடித்து எடுத்துப் போய்விட்டீர்களா? அது அட்டைக்குத் தேவையில்லை. எனக்குத் தெரிய வேண்டும்.

படிவம் இல்லாத படத்தை மாட்ட முடியாது என்று அருங்காட்சியகத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். படம் தன்னுடையது என்று ஐயா கையெழுத்துப் போட்டால் போதும், வேலை முடிந்துவிடும். போன வியாழக்கிழமை படிவத்தை அவர் முன்னால் வைத்து, பேனாவைக் கையில் கொடுத்து, கட்டத்தில் விரலையும் வைத்துக் காட்டினேன். வெகுநேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். பிறகு மூடியைப் போட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

“பொய்க் கையெழுத்து நான் போட்டதில்ல, பொண்ணே.”

அப்படியானால் மத்தான்சாஸுக்கு அனுப்பிக் கேட்கலாமே என்றேன். இவ்வளவு தைரியமாக நான் அவரிடம் பேசியதே இல்லை. அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்படித் திருப்பினால் அவருக்கு என் முகம் நன்றாகத் தெரியும்.

“முப்பத்தேழு வருஷம் கழிச்சு, மாட்டலாமான்னு கேக்கறதா? அவ திருப்பிக் கொண்டு வான்னு சொல்லிட்டா?”

அந்தப் படத்தை விட்டுவிட்டு, ஐம்பத்தொன்பதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று அருங்காட்சியகத்துக்கு எழுதச் சொன்னார். அந்தக் கடிதத்தையும் எழுதிவிட்டேன். என் பையில்தான் இருக்கிறது. இன்னும் தபாலில் போடவில்லை. அவர் சொன்னதை நான் செய்யாமல் இருப்பது இதுதான் முதல் தடவை. உங்களுக்கு எழுதுவது இரண்டாவது.

இரவல் படிவம் இத்துடன் இருக்கிறது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்பதைப் பென்சிலால் குறித்திருக்கிறேன். உங்கள் பெயரை அட்டையில் எப்படிப் போட வேண்டும், படத்துக்குத் தலைப்பு உண்டா என்பதையும் எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள், பழைய அட்டையே இருக்கட்டும். ஒனேலியா அக்கா நவம்பர் இரண்டாம் தேதி திரும்புகிறார். பெட்டியில் உங்களுக்கு ஒரு களிம்பும் இருக்கிறது, முழங்கால் வலிக்கு நல்லது. உங்களுக்கு முழங்கால் வலி இருக்கிறதா என்று தெரியாமலே வாங்கிவிட்டேன்.

நான் கேட்க வந்தது படிவம் அல்ல அம்மா. கையெழுத்துப் போடுங்கள், போடாமல் இருங்கள், அது உங்கள் விருப்பம். ஆனால் அந்தப் படத்தைத் திருப்பிக் கேட்டு அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எனக்கு வேண்டாம், அவருக்கே எழுதுங்கள். கோபம் இருந்தால் கோபமாகவே எழுதுங்கள். ஊரில் எல்லோரையும் திட்டி எழுதியவர், தனக்கு வர வேண்டிய ஒரு திட்டுக்காகத்தான் இத்தனை வருடம் அதை வாசலோரம் மாட்டிவைத்திருக்கிறாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. தவறாகவும் இருக்கலாம்.

அவரால் படிக்க முடியாது. நான்தான் வாசிப்பேன். எனக்குக் கூச்சம் அதிகம். ஆனாலும் ஒரு சொல்லையும் விடாமல், நீங்கள் எழுதியது எழுதியபடியே, உரக்க வாசித்துக் காட்டுகிறேன். எழுதுங்கள் அம்மா.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
இதானியா