சிசிலியில் சுவர் சூழ்ந்த ஒரு வீடு

மே 6

கலீலுக்கு ஆகஸ்டில் இரண்டு வாரம் விடுப்பு கிடைத்துவிட்டது. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் முதல் சுற்றுலா. சிசிலி. எனக்கு வேண்டியதை எழுதி வைத்தேன்: முக்காடில்லாமல் நீந்த, ஆள் பார்வை படாத குளம். பன்றி இறைச்சி படாத சட்டிகள். நடக்கும் தூரத்தில் ஹலால் கறிக்கடை.

"நீ வீடு தேடுறியா, பள்ளிவாசல் தேடுறியா?" என்று சிரிக்கிறார்.

உம்மா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "நானும் வர்றேன்" என்றாள்.

என் தம்பி வஜ்தி இதே சிசிலிக்குப் படகேறிப் போய் நான்கு வருடம் தாண்டிவிட்டது. ஒரு தகவலும் இல்லை. அன்றிலிருந்து, கடலோர ஊரான ஸ்ஃபாக்ஸிலேயே இருந்தும், உம்மா கடற்கரைப் பக்கம் போனதில்லை. மனசு தேறிவிட்டாள் போல.

மே 9

வீடு கிடைத்தது. எங்கள் நாட்டு மஹ்தியா ஊர்க்காரி மப்ரூக்கா அக்கா, முப்பது வருடமாகச் சிசிலியில்தான் இருக்கிறார், வாடகைக்கு விடுகிறார். "சுவர் ரெண்டு ஆள் உயரம். காக்காதான் உன்னைப் பார்க்கணும்" என்றார்.

பேசி முடிக்குமுன் உம்மா போனை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். என்ன கேட்டாய் என்றேன்.

"அங்க நல்ல மீன் கிடைக்குமான்னு."

மீனைப் பற்றிக் கேட்க இவ்வளவு நேரமா?

மே 17

விசாவுக்குக் கைரேகை. உம்மாவின் விரல் பதியவில்லை. துடைத்துத் துடைத்து ஐந்து முறை வைக்கச் சொன்னார்கள்.

ஜூன் 2

மப்ரூக்கா அக்கா என் பள்ளிக்கூட நேரத்தில் கூப்பிட்டார். உம்மா இல்லாத நேரமாகப் பார்த்துத்தான்.

அவர் ஊர் இடுகாட்டில், பின்சுவரை ஒட்டி, கரை ஒதுங்கியவர்களைப் புதைத்த வரிசை இருக்கிறதாம். பெயர் இல்லை, எண் மட்டும். உம்மா அவரிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டிருக்கிறாள் — வஜ்தியின் சட்டை, முழங்கையில் அவள் பச்சை நூலால் தைத்த சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை.

"நான் போய்க் கேட்டேம்மா. உடைமைகளைப் படம் எடுத்து வச்சிருக்காங்க. முப்பத்தொண்ணாம் நம்பர். பச்சை நூல். உம்மாகிட்ட நான் சொல்லல. எனக்கு வாய் வரல. நீ சொல்லு."

வகுப்புக்குத் திரும்பிப் பாடத்தை முடித்தேன். எப்படி முடித்தேன்?

ஜூன் 5

சொல்லவில்லை.

ஜூன் 20

எங்கள் இருவருக்கும் விசா வந்துவிட்டது. உம்மாவுக்கு மறுப்பு. காரணத்தை வாசிக்கச் சொன்னாள். திரும்பி வருவாள் என்று நம்புவதற்கில்லையாம்.

"அவனை அங்க வச்சிக்கிட்டு, நானும் அங்கேயே இருந்துடுவேன்னு பயப்படுறாங்களா?"

கடிதத்தை மறுபடி மடிக்கத் தொடங்கினேன். உம்மா என்னையே பார்த்தாள்.

"மப்ரூக்கா உன்கிட்ட என்ன சொன்னா?"

சொன்னேன். எண், சட்டை, பச்சை நூல். உம்மா அழவில்லை.

"எப்பத் தெரியும்?"

"பதினெட்டு நாளாச்சு."

"அவன் கிளம்பப்போறதும் உனக்கு முன்னாடியே தெரியும்ல?"

இத்தனை வருடமாக இதை யாரிடமும் — கலீலிடம்கூட — நான் சொன்னதில்லை. உம்மாகிட்ட சொல்லாதே என்று அவன் கேட்டான், நான் சொல்லவில்லை. அவ்வளவுதான். அவ்வளவுதானா?

"தெரியும் உம்மா."

எழுந்து போய் வாசலில் காயப்போட்ட துணிகளை எடுத்துவந்து மடித்தாள். என்னோடதையும் சேர்த்துத்தான் மடித்தாள்.

ஜூன் 23

பயணத்தை ரத்து செய்துவிடலாமா என்று கலீல் கேட்டார். உம்மாதான் பதில் சொன்னாள்: "அவ போகணும். இந்தத் தடவை அவ என்கிட்ட வந்து சொல்லணும்."

மற்றபடி மூன்று நாளாக என்னிடம் பேச்சில்லை.

ஆகஸ்ட் 7, சிசிலி

நான் கேட்டபடியே வீடு. புதுச் சட்டிகளின் விலைச்சீட்டைக்கூட இன்னும் கிழிக்கவில்லை.

காலையில் இடுகாட்டுக்குப் போனோம். சிமெண்டுப் பலகையில் 31. பக்கத்தில் 30, 32. தொழுகைத் திசையான கிப்லாவை நோக்கிப் படுக்க வைக்கவில்லை. மப்ரூக்கா அக்கா மெதுவாக, "வச்சவங்களுக்குத் தெரியாதும்மா" என்றார். கலீல் ஓதினார்.

பிறகு நகராட்சி அலுவலகம். உறையிலிருந்து சட்டையை எடுத்து மேசையில் விரித்தார்கள். உம்மாவின் தையல். நூலை முடிச்சிடும்போது இரண்டு தரம் சுற்றுவாள். மரபணுவை ஒத்துப் பார்க்க என் வாயிலிருந்து எச்சில் எடுத்துக்கொண்டார்கள். முடிவு வர வாரக்கணக்கில் ஆகுமாம்.

உம்மாவைக் கூப்பிட்டேன்.

"பார்த்தியா?"

"பார்த்தேன். உன் தையல்தான்."

"சரி. போனை வச்சிடு."

ஆகஸ்ட் 16

நாளை ஊர். இத்தனை நாளும் குளத்தில் இறங்கவில்லை. இன்று இறங்கினேன். தண்ணீருக்குள் முகத்தை வைத்துக் கத்தினேன். சுவர் அதற்காவது பயன்பட்டது.

செப்டம்பர் 26, செவ்வாய்

மப்ரூக்கா அக்கா கூப்பிட்டார். அவன்தான்.

நேராக உம்மாவிடம் போய்ச் சொன்னேன். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை.

செப்டம்பர் 29

துக்கத்தின் மூன்றாம் நாள். வாடகை நாற்காலிகள் தெரு வரைக்கும். தொழிற்பேட்டைப் பக்கமிருந்து ஒரு தூரத்து உறவுக்காரி வந்திருந்தாள், விவரம் தெரியாதவள். உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை என்னைக்குத் தவறினான்?" என்று கேட்டாள்.

"செவ்வாய்க்கிழமை" என்றாள் உம்மா.

நான் திருத்தவில்லை. உம்மா பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, என்னை உட்காரச் சொன்னாள்.