தினம் ஐம்பது நிமிடம் பிந்தி

ஜனவரி 27, 2025, திங்கள்

எம்.டெக் கடைசி செமஸ்டர். புராஜெக்ட் என்னவென்று அம்மா போனில் கேட்டாள்.

"வாய்க்கால்ல தண்ணி எவ்வளவு நிக்குதுன்னு அளந்து அனுப்புற சென்சாருங்க இருக்கும்மா. நெட்டு வழியா யாராவது உள்ள பூந்து பொய்யான அளவு அனுப்புனா கண்டுபிடிக்கணும்."

"தண்ணியப் பத்திகூடப் பொய் சொல்லுவாங்களா அம்சா?"

சொல்வார்கள். மதகு ஷட்டரைத் திறப்பதும் மூடுவதும் அந்த அளவை நம்பித்தானே.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஓர் உழவர் குழு தன் இருபத்திரண்டு சென்சார்களின் தரவைக் கொடுத்திருக்கிறது. அக்டோபரிலிருந்து நிமிடத்துக்கு ஓர் எண். எது இயல்பு என்று என் கணினி மாடலுக்கு நான் சொல்லவே இல்லை. எண்களை மட்டும் காட்டினேன், அதுவே கற்றுக்கொண்டது. எழுதியவள் நான்தான், ஆனாலும் அது வேலை செய்வதைப் பார்க்கும்போது கொஞ்சம் சிலிர்க்கிறது.

ஜனவரி 30, வியாழன்

மாடலின் முதல் சிவப்பு எச்சரிக்கை! பதினான்காம் சென்சார், காலை 11.30. கடைமடை, கடலுக்குப் போகும் வடிகால். மழைத்தண்ணீர் வடிந்து முடிந்து, ஷட்டரும் மூடியிருக்கிறது. தண்ணீர் உயர வழியே இல்லை. உயர்ந்ததாக எண் சொல்கிறது.

உண்மையான ஊடுருவலா? பயமில்லை, சந்தோஷம்.

பிப்ரவரி 1, சனி

நேற்று 12.20. இன்று 1.10. அதே சென்சார்.

மூன்று நாளும் சிவப்பு விழுந்த சில நிமிடங்களில் ஒரே ஆள் அந்த சென்சாருக்குள் லாகின் செய்திருக்கிறார். அறிவுச்செல்வன். குத்தாலத்துக்காரர், குழுவின் டெக்னீஷியன். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், டீ வாங்கிக் கொடுத்தார்.

பிப்ரவரி 3, திங்கள்

குழுவின் செயலாளர் கபீர் பாய்க்கு அறிக்கை அனுப்பினேன். உரக்கடையில் இருந்தபடியே கூப்பிட்டார்.

"நம்ம அறிவாம்மா? நல்லாப் பாத்தியா?"

"மூணு நாள் லாகின் பதிவு இருக்கு பாய்."

"மிஷினே சொல்லுதுன்னா… சரி. சாவி, பாஸ்வேர்டு எல்லாத்தையும் வாங்கிடுறேன். இனிமே வேலைக்கு வரவேணாம்னு சொல்லிடுறேன்."

ஆய்வகத்தில் கை தட்டினார்கள். சுவீட் வாங்கிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

3.40. சிவப்பு.

சாவி பாயிடம் இருக்கிறது. பாஸ்வேர்டு மாற்றியாகிவிட்டது. யார் உள்ளே வந்தது?

பிப்ரவரி 5, புதன்

4.30. நேற்றைவிடச் சின்னதாக. ஆனால் நிற்கவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

சிவப்பு விழுந்த நேரங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தேன். தினமும் ஐம்பது நிமிடம் பிந்தியிருக்கிறது. ஒரு நாளும் தவறவில்லை. தரவை இன்னும் நெருக்கிப் பார்த்தால், ஒவ்வொரு உயர்வுக்கும் பன்னிரண்டரை மணி நேரம் முன்னால் இன்னொரு சின்ன உயர்வும் இருக்கிறது. எந்த ஹேக்கர் இவ்வளவு ஒழுங்காக, ஒரு நாளைக்கு இரண்டு தடவை வருவான்?

பக்கத்து மேசை ஷமீரா எட்டிப் பார்த்தாள். அவள் அத்தாவுக்குக் கோடியக்கரையில் மீன் வியாபாரம்.

"எங்க வீட்டுக்கு மீன் வர்ற நேரம் இப்பிடித்தான்டி தள்ளித் தள்ளிப் போகும். ஓதம் ஏறுற நேரம்."

"என்னது?"

"ஓதம்டி. கடல் ஏறி எறங்கும்ல? நெலாவோட கணக்கு."

கடல் ஏற்ற இறக்க அட்டவணையை எடுத்து மேலே வைத்தேன். ஒன்றேகால் மணி நேரம் நகர்த்தியதும் இரண்டு கோடுகளும் ஒன்றாகிவிட்டன. கடலிலிருந்து பதினான்காம் சென்சார் வரை தண்ணீர் ஏறிவர ஆகும் நேரம் அது.

நான் கொடுத்த தரவில் நிலா என்ற சொல்லே கிடையாது. கடல் கிடையாது. ஒரு வாய்க்காலின் உயரம், சென்டிமீட்டரில், அவ்வளவுதான். அதற்குள்ளிருந்து என் மாடல் நிலாவைத் தொட்டுவிட்டது. எங்கோ ஒரு பாறை வானத்தில் சுற்றுகிறது, ஒரத்தநாட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தி எழுதிய நிரல் அது இழுப்பதை உணர்கிறது. ஷமீரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும்தான்.

அப்புறம்தான் உறைத்தது. அப்படியானால் அறிவுச்செல்வன்?

அப்பா கூலிக்குப் போன காலத்தில், களத்தைவிட்டு வெளியே வரும்போது துண்டை உதறிக் காட்டச் சொல்வார்களாம், நெல் மறைத்திருக்கிறாரா என்று. அதைச் சொல்லும்போதெல்லாம் அப்பா சிரிப்பார், நான் பல்லைக் கடிப்பேன். இப்போ நானே ஒருத்தர் துண்டை உதறச் சொல்லியிருக்கேன். அதுவும் ஒரு வார்த்தை கேக்காம. ச்சே.

பிப்ரவரி 7, வெள்ளி

ஆறு மணி பஸ்ஸில் கிளம்பினேன். முந்தின இரவு போனில் விஷயத்தைச் சொன்னபோதே கபீர் பாய் "யா அல்லாஹ்" என்றார். ஜும்மா தொழுகை முடிந்ததும் வந்து, வாய்க்காலுக்குக் கூட்டிப்போனார். அறிவுச்செல்வனையும் வரச் சொல்லியிருந்தார். வரமாட்டார் என்றே நினைத்தேன். வந்தார்.

பஸ்ஸில் மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோனது. "தப்பு என்மேலதான்" என்று மட்டும் வந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் இங்கதான் நின்னுட்டிருந்தேன் மேடம். மூணு நாளும். மூடுன வாய்க்கால்ல தண்ணி ஏறுது. கண்ணு பொய் சொல்லுதா, சென்சார் பொய் சொல்லுதான்னு தெரியல. அதான் உள்ள போய்ப் பாத்தேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டிருக்கணும்," என்றேன்.

அவரே குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளினார். "நாக்குல வச்சுப் பாருங்க."

உப்பு.

அப்போதுதான் பாயின் முகம் மாறியது. மூடிய ஷட்டருக்கு அடியில் எங்கோ வழி இருக்கிறது. இருபுறமும் உளுந்து, இப்போதுதான் நாலு இலை விட்டிருக்கிறது. "பௌர்ணமிக்கு ஓதம் பெருசா வரும். இன்னும் அஞ்சு நாள்தான். அப்ப வயல்ல ஏறிடும்மா."

பிப்ரவரி 10, திங்கள்

ஷட்டருக்கு அடியில் இறங்கி வழியைத் தேட, தண்ணீர் மிகவும் குறையும் நேரம் வேண்டும். "ஒங்க மிஷின் அதைச் சொல்லுமா?" என்று அறிவுச்செல்வன் நேற்று கேட்டார். என்னிடம் அவராகக் கேட்ட முதல் கேள்வி.

பிற்பகல் மூன்று என்றேன். மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தண்ணீர் இறங்குவது நின்றது. கரையில் நின்ற எல்லாரும் என் லேப்டாப்பைப் பார்த்தார்கள். நான் வாய்க்காலைப் பார்த்தேன்.

அவரும் இன்னும் மூன்று பேரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள். மழை வெள்ளத்தில் வந்த பனைமரத்துண்டு ஒன்று ஷட்டருக்கு அடியில் சிக்கியிருந்தது. கயிறு கட்டி இழுத்ததும் வெளியே வந்தது. ஷட்டர் முழுசாக இறங்கி உட்கார்ந்த சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது.

கபீர் பாய் சாவிக்கொத்தை நீட்டினார். அறிவுச்செல்வன் வாங்கவில்லை.

"ஒரு கண்டிசன் பாய். இனிமே எந்த அலாரம் வந்தாலும் மொதல்ல எனக்கு வரணும். எனக்கு அப்புறம்தான் ஒங்களுக்கு."

பாய் என்னைப் பார்த்தார். இன்னைக்கே மாத்திடுறேன் என்றேன். மாற்றிவிட்டேன்.

பிப்ரவரி 12, புதன். பௌர்ணமி

பதினான்கு: நாள் முழுக்கப் பச்சை. கடல் வந்து கதவைத் தட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறது.

மே 14, புதன்

வைவா. வெளியூரிலிருந்து வந்த பேராசிரியை நீலாம்பாள் ஆறாம் அத்தியாயத்தைத் திறந்து வைத்துக்கொண்டார். "உங்க மாடல் தப்பான எச்சரிக்கை கொடுத்துச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே?"

"மாடல் ஊடுருவல்னுதான் மேடம் சொல்லிச்சு. உண்மைதான், கடல் ஊடுருவிச்சு. ஆள்னு சொன்னது நான்."

அவர் ஆய்வேட்டை மூடி வைத்தார். பிறகு, "அந்த ஆள் என்ன ஆனார்?" என்றார். அந்த அறையில் யாரும் எதிர்பார்க்காத கேள்வி. நான் எல்லாவற்றையும் சொன்னேன், சுவீட் வாங்கிக் கொடுத்ததையும் சேர்த்து.

பாஸ். வெளியே வந்ததும் அம்மாவுக்கு முன்னால் அறிவுச்செல்வனுக்குச் சொன்னேன். ஆய்வேட்டின் நன்றியுரையில் பெயர் போடலாமா என்று கேட்டேன். "போடுங்க. திருடன்னு போடாம இருந்தாச் சரி," என்றார். சிரித்தாரா என்று போனில் தெரியவில்லை.

ஜூலை 3, வியாழன்

வேலை கொடுத்த சென்னை கம்பெனிக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன். குழுவில் இன்னும் நாற்பது வாய்க்கால்களுக்கு சென்சார் வைக்கப்போகிறார்கள். அந்த வேலையை ஆய்வகத்தில் இருந்தபடியே செய்கிறேன்.

காலை 9.20க்கு, கிட்டத்தட்ட ஐந்து மாதத்துக்குப் பிறகு பதினான்கில் சிவப்பு. ஓத அட்டவணையோடு பொருந்தவில்லை. எந்த லாகினும் இல்லை. எனக்கு எதுவும் புரியவில்லை. நான் கூப்பிடுவதற்குள் அவரே வீடியோவில் வந்தார், மூச்சு வாங்க.

"அம்சவல்லி, அலாரத்த நிறுத்திடாதீங்க. இங்க பாருங்க."

காய்ந்து வெடித்த தரையில், குப்பையையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நகர்ந்து வந்துகொண்டிருந்தது. ஜூனில் அணையிலிருந்து திறந்துவிட்ட மேட்டூர்த் தண்ணீர், கடைமடைக்கு வந்துவிட்டது. நாய்க்குட்டி ஒன்று அதற்கு முன்னால் பின்வாங்கிக்கொண்டே குரைத்தது. அவர் அள்ளிக் குடித்துவிட்டு, "இனிக்குது," என்றார்.

ஆய்வகமே என் திரையைச் சுற்றி நின்றது. சிவப்பு எரிந்துகொண்டே இருந்தது, யாரும் அணைக்கவில்லை.