குழிக்குள் படுத்த மச்சான்

கிட்வே,
ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்ததும்.

என் கண்ணு கலுபாவுக்கு அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் சுகம். முதலில் அதைப் படித்து மூச்சு விட்டுக்கொள். சோக்கோ மாமாவுக்கு வெட்டிய குழியில் அப்பா இறங்கிப் படுத்துவிட்டார் என்று எவனோ சொல்லி, நீ விண்ட்ஹூக்கிலிருந்து போன் போட்டு அழுதாய். அப்போது நான் எதையும் விவரமாகச் சொல்ல முடியவில்லை. அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

படுத்தது உண்மைதான். உன் பெண்டாட்டி அந்த ஊர்க்காரி, பயந்துவிடப் போகிறாள். அவளுக்குச் சொல்லிவை: மாமா சொந்தக்காரர் இல்லை, அப்பாவின் சிநேகிதர்; நாம் பெம்பா இனம், அவர் ங்கோனி இனம். ஒரு காலத்தில் வெட்டிக்கொண்டு செத்த கூட்டம், இப்போது கேலி முறைக்காரர்கள்; அவர்கள் நம்மைக் குரங்கு தின்னி என்பார்கள், நாம் அவர்களை எலி தின்னி என்போம். ஒரு பக்கத்தில் சாவு விழுந்தால் மறுபக்கத்துக்காரர்கள் போய்ப் பிணத்தைக்கூட விடாமல் கிண்டல் செய்து, அழுகிறவர்களைச் சிரிக்கவைக்க வேண்டும். குழிக்குள் படுத்துக்கொண்டு, கேட்டதைக் கொடுத்தால்தான் எழுந்திருப்பேன் என்று வம்பு பண்ணுவதும் அதில் சேர்த்தி. செய்யாவிட்டால் செத்தவருக்குத்தான் அவமரியாதை.

ஆனால் என் பயம் வேறு, மகனே. மாமா போன செய்தி வந்ததிலிருந்து அப்பா வாயைத் திறக்கவில்லை. கஞ்சிகூட இறங்கவில்லை. இத்தனை வருஷமாகச் சாயங்காலமானால், "ஏய் குரங்கு தின்னி, உயிரோட இருக்கியா?" என்று கேட்ட மனுஷன் மாமா. "எலி தின்னிக்கு முந்தியா நான் போவேன்?" என்று அப்பா பதிலுக்குக் கத்துவார். உனக்கு மலேரியா கண்டு கண் சொருகியபோது உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் மாமாதான். "குரங்குக் குட்டி என்னா கனம் கனக்குது! அப்பன் என்னத்தத் தின்னக் குடுத்தானோ!" என்று வழியெல்லாம் வைதுகொண்டே ஓடினார். நீ கண்ணைத் திறந்ததும் சுவரோரம் போய் ஏங்கி ஏங்கி அழுதார். நான் பார்த்தேன். அப்பேர்ப்பட்டவர் போய்விட்டார்.

சாவு வீட்டில் நம் ஆட்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து அப்பாவின் முகத்தையே பார்த்தார்கள். முதல் கேலி அவர் வாயிலிருந்துதானே வர வேண்டும்? அவரோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்நார்ட் அத்தை, புருஷனைப் பறிகொடுத்தவள், என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்க வீட்டுக்காரர ஏதாச்சும் பேசச் சொல்லுங்க. இப்படி ஊமையா அனுப்பிவெச்சா அந்த மனுஷன் என்னை மன்னிக்க மாட்டாரு" என்றாள். நான் என்ன செய்வேன்? தார்க்குச்சி போட்டா பேசவைக்க முடியும்?

மறுநாள் இடுகாட்டில் பெட்டியை இறக்கப்போகிற நேரம், அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு மளமளவென்று குழிக்குள் இறங்கினார். மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஆட்டம் ஆரம்பித்துவிட்டது என்று சனம் கொல்லென்று சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, அசையவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் மற்றவர்கள் சிரிப்பும் அடங்கிவிட்டது. பாஸ்டர் இருமினார். நான் மண்டியிட்டு, "எந்திரிங்க, என்னைத் தனியா விட்டுட்டுப் போயிடாதீங்க" என்று கெஞ்சினேன். கண் திறக்கவில்லை. ஐயோ, மச்சானோடு இவரும் கிளம்பிவிட்டார் என்றே நினைத்தேன்.

அப்போது எஸ்நார்ட் என்னைத் தள்ளிவிட்டு முன்னே வந்தாள். இடுப்பில் கையை வைத்து, "ஓய் குரங்கு! அது என் புருஷன் படுக்கை. போய் மரத்துல ஏறிப் படு!" என்று ஒரு சத்தம் போட்டாள் பார்.

அப்பா ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "ஒரு எலிக்கு எதுக்கு இம்மாம்பெரிய வளை? பாதி எனக்கு. கோழி அடிச்சு நிஷிமாக் களி கிண்டித் தர்றேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லு, எந்திரிக்கிறேன். எலிக் கறிய வெச்சு ஏமாத்தக் கூடாது, ஆமா!" என்றார்.

இடுகாடே அதிர்ந்தது. பாஸ்டர் பைபிளால் வாயை மூடிக்கொண்டார். எஸ்நார்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, அப்படியே அழுது, மறுபடி சிரித்தாள். அப்பாவை மேலே இழுத்துவிட்டார்கள். பெட்டிமேல் கையை வைத்து, "போடா மச்சான். அங்கேயாச்சும் நல்ல சோறு தின்னு" என்று சொல்லி, குரலெடுத்து அழுதார். அழுதாரே, அது போதும் எனக்கு.

அன்று எஸ்நார்ட் கையால் கோழியும் நிஷிமாவும் வாங்கி, விரலை நக்கிச் சாப்பிட்டார். இப்போது தூங்குகிறார், ரேடியோ கேட்கிறார். என்ன, அவரை வைய ஆள் இல்லை. நான் வைதால் செல்லாதாம். பெண்டாட்டி வைவது மழை பெய்கிற மாதிரி, யாரும் நின்று கேட்க மாட்டார்கள் என்கிறார். நீயோ மகன், உன் வாயால் வைதால் பாவம். தாத்தாவைக் கேலி பண்ணும் முறை பேத்திக்குத்தான் உண்டு. உன் மகள் குட்டி முலெங்காவுக்கு வாய் நீளம் என்று அலுத்துக்கொண்டாயே, கிறிஸ்துமஸுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வா. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லாதே, ராசா. வழியில் பஸ்ஸிலேயே நாலு நல்ல வசவு சொல்லிக்கொடுத்துக் கூட்டி வா.

உனக்கும் ஆயுசுக்கும் வாய் ஓயாமல் வைகிற ஒரு சிநேகிதனைக் கடவுள் கொடுக்கட்டும்.

வழி பார்த்திருக்கும்,
உன் அம்மா.